கடைசிப் பக்கம் படிச்சீங்களா?

சில வருடங்களுக்கு முன் ஒரு மகளிர் கல்லூரியில் மார்ச் 8 விழா. பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மகளிர் தினத்தில் பேச ஆண்களை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் சால்வை கிடைக்கும், நல்ல காபி கிடைக்கும் என்று போய்விடுவேன்.

அன்றைக்குக் கையில் கொண்டுபோனது ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஏர் இந்தியாவுக்கும் நெர்கேஷ் மீர்ஸா என்ற ஏர்ஹோஸ்டஸ், அவருடைய சகாக்கள் ஆகியோருக்கும் நடந்த வழக்கு. 1981 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி. அதில் ஒரு பத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பயணிகளின் ரசனைக்குத் தீனி போட இளம்பெண்களைக் காட்சிப் பொருளாக நிறுத்துவதா, அனுபவமுள்ள மூத்த பெண்கள் இன்னும் நன்றாகக் கவனிக்க மாட்டார்களா, பேர்பெற்ற ஒரு நிறுவனம் இப்படிப் பேசலாமா, இது ஆண் திமிர் இல்லையா என்று நீதிபதி விளாசித் தள்ளியிருப்பார். அதை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். கைதட்டல். முன்வரிசையில் பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரிகூட இருந்தது.

விழா முடிந்து காபி குடிக்கும்போது ஒரு அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டிய வயசு. காட்டன் புடவை, நேரான முதுகு. விமானத்தில் பல வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவராம்.

"நல்லாப் பேசினீங்க சார். அந்தத் தீர்ப்பைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. அந்தப் பத்தியை யாரோ ஒரு கட்டுரையில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நான் எடுத்தேன். நம் மேடைப் பேச்சுகளில் முக்கால்வாசி இப்படித்தான் தயாராகிறது.

"படிச்சுப் பாருங்க. எங்களை ரொம்பப் புகழ்ந்து எழுதினா நாங்க உஷாராயிடுவோம். அடுத்த பாராவுல ஏதோ குறையும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மேடைப் பேச்சுக்கு இதைவிட நல்ல விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்து முழுத் தீர்ப்பையும் உட்கார்ந்து படித்தேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம். வழக்கமாகப் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதும் இடத்தில் தீர்ப்புக்கு எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். தீர்ப்பும் எழுத்துதான். எந்த எழுத்தையும் எடைபோட எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: உணர்ச்சி எந்த இடத்தில் பொங்குகிறது, கதை எந்த இடத்தில் முடிகிறது, இரண்டும் ஒரே திசையில் போகிறதா என்று பார்ப்பது.

முதலில் கதை. அப்போது ஏர் இந்தியா அரசாங்கக் கம்பெனி. அதில் ஏர்ஹோஸ்டஸ் வேலைக்கு ஒரு விதி இருந்தது. வயது 35 ஆனால் ஓய்வு. அல்லது, வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் ஓய்வு. அல்லது, முதல்முறை கர்ப்பமானால் ஓய்வு. இந்த மூன்றில் எது முந்துகிறதோ அது. 35-க்கு மேல் பறக்க வேண்டுமானால் மேனேஜிங் டைரக்டர் மனது வைக்க வேண்டும். வருஷா வருஷம் ஒவ்வொரு வருஷமாக, 45 வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில், அதே டிராலியைத் தள்ளிக்கொண்டு, அதே டீயை ஊற்றிய ஆணுக்குப் பெயர் அசிஸ்டென்ட் ஃப்ளைட் பர்சர். அவருக்கு 58 வயது வரை வேலை. சேர்ந்த மறுநாளே கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

இது சமத்துவத்துக்கு விரோதம் என்று பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

தீர்ப்பின் நடை கம்பீரமானது. அதை மறுப்பதற்கில்லை. கர்ப்பமானால் வேலை போகும் என்ற விதியைத் தொடும்போது குரல் உச்சத்துக்குப் போகிறது. நாலு வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு நீங்களே அனுமதி கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றால் வெளியே போ என்றால் என்ன நியாயம்? இது கொடூரம், இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று சொல்லி அந்த விதியைத் தூக்கி எறிகிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் வேலையையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த அளவில் கும்பிட வேண்டிய தீர்ப்பு.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது. இரண்டு குழந்தைகள் உயிரோடு இருக்க, மூன்றாவது முறை கர்ப்பமானால் வேலையை விட்டு நிறுத்தலாம், அது நியாயம்தான் என்கிறது. காரணம்: தாயின் ஆரோக்கியம், குழந்தை வளர்ப்பு, நாட்டின் ஜனத்தொகை. ஃப்ளைட் பர்சர் ஐந்து பிள்ளை பெற்றால் நாட்டின் ஜனத்தொகை ஏறாதா என்று நான் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலு வருஷக் கல்யாணத் தடை? அது சரியென்று தீர்ப்பாகிவிட்டது. 19 வயதில் சேர்கிற பெண் 23 வயதில் கல்யாணம் செய்துகொண்டால் பக்குவம் வந்திருக்கும், இல்லறம் நன்றாக அமையும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவும், கம்பெனிக்கும் புதிதாக ஆளெடுக்கும் செலவு மிச்சம். படித்துக்கொண்டே வந்தபோது தூரத்து மாமா ஒருவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேசுவது மாதிரியே இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் மாமாவிடம் யாரும் கேட்கவில்லையே?

இனி அடிப்படைக் கேள்வி. ஆணுக்கு 58, பெண்ணுக்கு 35, இது பாகுபாடா இல்லையா? இந்த இடத்தில்தான் எழுத்து சறுக்குகிறது. ஏர்ஹோஸ்டஸும் ஃப்ளைட் பர்சரும் ஒரே வகுப்பு அல்ல, தனித்தனி வகுப்பு என்கிறது கோர்ட். ஏன் தனி? வேலைக்கு எடுக்கும் முறை வேறு, சம்பளம் வேறு, பதவி உயர்வு வேறு, விதிகள் வேறு. அந்த விதிகளை எழுதியது யார்? கம்பெனி. ஆக, கம்பெனி வேறு வேறாக நடத்தியதால் அவர்கள் வேறு வேறு. அவர்கள் வேறு வேறு என்பதால் கம்பெனி வேறு வேறாக நடத்தலாம். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிற தர்க்கம். ஒரு கதையில் இதை எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

முடிவு என்ன? 35-க்கு மேல் நீட்டிப்பது மேனேஜிங் டைரக்டரின் இஷ்டம் என்பதை ரத்து செய்தார்கள். உடம்பு சரியாக இருந்தால் 45 வரை நீட்டித்தே ஆகவேண்டும் என்றார்கள். அதாவது கடைசிப் பக்கத்தில் பெண்ணுக்கு 45. ஆணுக்கு வழக்கம்போல 58. மூத்த பெண்கள் இன்னும் நன்றாகக் கவனிப்பார்கள் என்று உருகிய அதே தீர்ப்பு, அந்த மூத்த பெண்களை 45-ல் இறக்கிவிட்டுவிடுகிறது!

இன்னொரு சின்ன விஷயம். எழுத்தைப் படிக்கிறவன் கண்ணில் இது படாமல் போகாது. பெண்மையைப் புனிதம் என்று போற்றும் இந்தத் தீர்ப்பு, அந்தப் பெண்களை முழுக்க முழுக்க 'ஏ.ஹெச்.' என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தால்தான் குறிப்பிடுகிறது. வக்கீல் வழக்கம்தான், தப்பில்லை. ஆனாலும் 'தாய்', 'மனைவி', 'தோழி' என்று முழு வார்த்தைகளில் வருகிறவள், வேலை என்று வந்ததும் இரண்டெழுத்தாகச் சுருங்கிப் போவதைக் கவனியுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

விமானப் பணிப்பெண்ணைப் பற்றி எழுத ஆண்களுக்கு எப்போதுமே அலாதிப் பிரியம். 1967-ல் அமெரிக்காவில் 'காபி, டீ ஆர் மீ?' என்று ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. இரண்டு ஏர்ஹோஸ்டஸ்கள் தங்கள் அனுபவங்களைக் கூச்சமில்லாமல் எழுதியது என்று அட்டை சொன்னது. எழுதியவர் டொனால்ட் பெய்ன் என்கிற ஆண். ஏர்லைன் ஒன்றின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். கொச்சையாக எழுதினாலும் சரி, புனிதமாக எழுதினாலும் சரி, பேனா மட்டும் அவர்கள் கையில் இல்லை.

அப்படியானால் அவர்களே எழுதியது ஒன்றும் இல்லையா? உண்டு. அதற்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. அதன் பெயர் மனு.

சுப்ரீம் கோர்ட்டில் கிடைத்தது இவ்வளவுதான் என்று ஆனபிறகு, விஷயம் பார்லிமென்ட்டுக்குப் போயிற்று. சட்டம் போடுகிற இடத்திலேயே கேட்பது. ஆங்கிலத்தில் லாபி செய்வது என்பார்கள். நமக்கு லாபி என்றதும் சூட்கேஸ் ஞாபகம் வருகிறது. உண்மையில் லாபி என்றால் வராந்தா. உறுப்பினர் உள்ளேயிருந்து வெளியே வரும்வரை கையில் காகிதத்தோடு காத்திருக்கும் இடம். தொழிற்சங்க வேலையில் பாதி இந்தக் காத்திருத்தல்தான்.

கோர்ட் கைவிட்டதைச் சட்டம் இயற்றுகிறவர்கள் கொடுத்தார்கள் என்றால், அவர்கள் நீதிபதிகளைவிட உத்தமர்களா? அப்படியெல்லாம் இல்லை. இதில் அமெரிக்கக் கதையைக் கேளுங்கள். 1965-ல் வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் துணைக் கமிட்டி ஒன்று வயதுப் பாகுபாடு பற்றி விசாரித்தது. அங்கேயும் 32, 35 என்று வயது வைத்துப் பணிப்பெண்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அதைச் சொல்ல அவர்களுடைய சங்கத்தினர் வந்திருந்தார்கள். ஜேம்ஸ் ஷூயர் என்ற உறுப்பினர், பிரச்னையின் 'பரிமாணத்தை'ப் பார்க்கவேண்டும், எழுந்து நில்லுங்கள் என்று ஜோக்கடித்தார். வேலை போகிறது என்று சொல்ல வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அது.

அவர்கள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. மார்த்தா கிரிஃபித்ஸ் மாதிரி ஒன்றிரண்டு உறுப்பினர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். மிச்சிகன்காரர். விமானக் கம்பெனிகளை வார்த்தையால் வறுத்தெடுத்தவர். வேலையில் பாகுபாடு கூடாது என்ற 1964 சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் நடந்தார்கள். 1968-ல், வயதைக் காட்டியும் கல்யாணத்தைக் காட்டியும் வேலையை விட்டு அனுப்புவது அந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று அதற்கான ஆணையம் சொல்லிவிட்டது. பிற்பாடு அதே சங்கங்கள் சிகரெட்டை எடுத்துக்கொண்டன. மூடிய விமானத்தில் தினம் பயணிகளின் புகையைக் குடித்தவர்கள் அவர்கள்தானே. 1987-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் இரண்டு மணி நேரம் வரையிலான விமானங்களில் புகைப்பதைத் தடுத்தது. 1990-ல் தடை ஏறக்குறைய எல்லா உள்நாட்டு விமானங்களுக்கும் நீண்டது. 2000-ல் அமெரிக்காவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு விமானங்களுக்கும். ஒரேயடியாக எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று அளந்து அளந்து வாங்கினார்கள்.

வராந்தாவின் சௌகரியம் இதுதான். தீர்ப்பு எழுதி முடித்த கையெழுத்து. அதனிடம் மறுவாரம் போய் 'சார், அந்த விஷயம்...' என்று இழுக்க முடியாது. எம்.பி.யிடம் முடியும். அடுத்த கூட்டத்தொடரிலும் முடியும். அவர் தோற்றுப்போனால் ஜெயித்தவரிடம் முடியும்.

நம் ஊரில் 1989-ல் அது நடந்தது. மக்களவையில் விவாதிக்கப்பட்டு, அக்டோபர் 16-ந்தேதி மத்திய அரசு ஏர் இந்தியாவுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. ஏர் கார்ப்பரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவின் கீழ். சாரம் இதுதான்: ஏர்ஹோஸ்டஸ்களுக்கும் ஆண்களைப் போல 58 வரை வேலை. அடுத்த மாதம் பொதுத்தேர்தல். தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி, அரசியலுக்கு வருமுன் இந்தியன் ஏர்லைன்ஸில் பைலட்டாக இருந்தவர். அதுவும் தற்செயல்தான்.

தாய்மை, புனிதம், பாரம்பரியம் என்று பொங்கிய தீர்ப்பு கொடுத்தது 45. சர்க்கார் பாஷையில் வந்த உத்தரவு கொடுத்தது 58. எது நல்ல எழுத்து என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு வழக்கில் நான் கிளார்க் பக்கம்.

ஆனால் அந்த அம்மாள் சொன்ன விதி அரசாங்கத்துக்கும் பொருந்தும். கடைசிப் பக்கம்! 58 வரை 'வேலை' என்றார்களே தவிர 'பறக்கும் வேலை' என்று சொல்லவில்லையாம். 45 வரை பறக்கலாம், பிறகு தரையில் உட்காரும் உத்தியோகம் என்று விளக்கம் வந்தது. பிறகு பறக்கும் வயது 50 ஆனது. மறுபடி வழக்கு. 2001-ல் பம்பாய் ஹைகோர்ட் பெண்களுக்குச் சாதகமாகச் சொல்ல, 2003-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றிவிட்டது. இந்த முறை புனிதமெல்லாம் பேசவில்லை. 50 வயதில் பறப்பதிலிருந்து இறங்குவது பெண்களுக்குப் பாதகம் அல்ல, சலுகைதான் என்கிற தோரணை. 1981-ல் போற்றுதல், 2003-ல் சலுகை.

இதில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. 2003 வழக்கில் மேல்முறையீடு செய்தவர்களில் முதல் பெயர் கம்பெனி அல்ல, ஏர் இந்தியா கேபின் க்ரூ அசோசியேஷன். அதாவது தொழிற்சங்கம். சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தங்களைக் காட்டித்தான், நீங்களே ஒப்புக்கொண்டது தானே என்று கோர்ட் கேட்டது. ஐம்பதில் இறங்கித் தரை வேலை பார்க்க விரும்பிய பெண்களும் நிஜமாகவே இருந்தார்கள். இரவு பகல் தெரியாமல் முப்பது வருஷம் பறந்தவர்களுக்கு அந்த ஆசை வராதா? இறங்க நினைப்பவர் இறங்கட்டும், பறக்க நினைப்பவர் பறக்கட்டும் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆண்கள் விஷயத்தில் அப்படித்தானே இருந்தது? ஒரு சங்கம் எல்லோருக்காகவும் பேசும்போது யாருடைய குரல் அதில் அமுங்குகிறது என்று பார்ப்பதும் வாசகனின் வேலை. மனுவையும் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும்.

அதோடு கதை முடியவில்லை. அதே 2003 முடிவதற்குள் அரசாங்கம் மறுபடி தலையிட்டது. பெண்களும் 58 வரை பறக்கலாம் என்று உத்தரவு. கோர்ட்டில் தோற்றது மறுபடியும் வராந்தாவில் ஜெயித்தது. 2005-ல் விமானத்துக்குள் சூப்பர்வைசர் பொறுப்பும் பெண்களுக்குத் திறந்தது. அதுவரை எத்தனை சீனியர் பெண்ணானாலும் மேற்பார்வை ஆணுக்குத்தான். இதை எதிர்த்து ஆண் ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். டெல்லி ஹைகோர்ட்டில் தோற்று, 2011 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றார்கள். 1981-லிருந்து எண்ணினால் முப்பது வருஷம். 35-ல் ரிடையர் ஆகவேண்டிய பெண் 58 வரை பறக்கவும், கூட இருக்கும் ஆணுக்கு மேலதிகாரியாக இருக்கவும் முப்பது வருஷம்.

இப்போது ஏர் இந்தியா அரசாங்கத்திடம் இல்லை. 2022 ஜனவரியில் டாடாவிடம் போய்விட்டது. ஏர் கார்ப்பரேஷன் சட்டத்தை 1994-லேயே நீக்கிவிட்டார்கள். அரசாங்கம் முதலாளியாக இருந்ததால் திறந்த கதவு இப்போது சுவராகிவிட்டது. இனி கேட்பவர்கள் எல்லா விமானக் கம்பெனிகளுக்கும் பொதுவான சட்டமாகக் கேட்க வேண்டும். அது இன்னும் நீளமான வராந்தா.

அந்தத் தீர்ப்பின் அழகான பத்தியை நான் இப்போது மேடையில் படிப்பதில்லை. படித்தால் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கிறேன். கைதட்டல் குறைந்துவிட்டது. பரவாயில்லை.

போன மாதம் ஒரு விமானத்தில் போனேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்து ஸீட் இளைஞர் என் காதோரம் குனிந்து, "என்ன சார், ஆன்ட்டியெல்லாம் வேலைக்கு வச்சிருக்காங்க" என்றார்.

"அந்த ஆன்ட்டி இங்கே நிக்கிறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா தம்பி?" என்று ஆரம்பித்தேன். தரையிறங்கும்வரை சொன்னேன். பாவம், ஜன்னலோர ஸீட். தப்பிக்க வழியில்லை.